பிலோமினா டீச்சரின் நீதி டப்பா

பிலோமினா டீச்சர் இறந்த செய்தி எனக்கு இரண்டு முறை வந்தது. முதல் முறை நாமக்கல்லில் என் அலுவலகத்துக்கு வந்த தந்தியாக, அவருடைய தங்கையின் பெயரில், நான்கே சொற்களில். அன்று மாலையே சேலம் அஸ்தம்பட்டியில் அவர் வீட்டுக்குப் போய் அவரைக் கடைசியாகப் பார்த்துவிட்டு வந்தேன். இரண்டாம் முறை, பத்து நாள் கழித்து, வழுவழுப்பான தாளில் அச்சிட்ட அழைப்பிதழாக. படத்திறப்பு விழாவாம். அதில் பதினொரு பெரியவர்களின் பெயர்கள் பட்டங்களோடு வரிசையாக நின்றன. பன்னிரண்டாவதாக, ஏறக்குறைய அச்சகத்தின் பெயருக்குப் பக்கத்தில், இறந்தவரின் பெயர் இருந்தது. அச்சகத்தார் ஏதோ கல்யாணப் பத்திரிகைக்குக் கோத்த எழுத்தை முழுதும் கலைக்காமல் விட்டிருக்க வேண்டும்; அடியில் "தங்கள் நல்வரவை விரும்பும் சுற்றமும் நட்பும்" என்று இருந்தது.

அழைப்பிதழ் டீச்சரை "எழுத்தில்லா நூல்களுக்கு உயிரூட்டிய ஏந்தல்" என்று வர்ணித்திருந்தது. தலைமை, ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையின் அதிபர். படத்தைத் திறந்து வைப்பவர், எங்கள் துறையில் மாவட்ட அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். "அன்னார் பயன்படுத்திய நூல்கள் காட்சிக்கு வைக்கப்படும்" என்று ஒரு குறிப்பும் இருந்தது. அந்த நூல்களை அன்னாரிடமிருந்து பிடுங்கியவர்களே காட்சிக்கு வைக்கிறார்கள் என்பதை அழைப்பிதழ் தெரிவிக்கவில்லை. இடம் போதவில்லை போலும்.

எனக்கு அந்த விழாவில் இரண்டு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். நான் சொல்ல வேண்டியது இரண்டு நிமிடத்தில் அடங்காது. ஆகவே நம் ஆசிரியர் இதழில், டீச்சரை அறிந்தவர்களான உங்களுக்கு எழுதுகிறேன். நான் ஓய்வுபெற இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. ஓய்வூதியம் கைக்கு வந்தபின் வரும் துணிச்சலில் எழுதியதாக யாரும் சொல்ல வேண்டாம் என்பதற்காக இப்போதே எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் நான் பள்ளித் துணை ஆய்வாளராக ஜலகண்டாபுரம், மேச்சேரிப் பக்கத்துக்கு மாற்றலாகி வந்தேன். எம்.ஏ. படித்தவன். அதை நான் மறந்தாலும் என் பெயர்ப்பலகை மறக்கவில்லை. டீச்சரின் பள்ளி இரண்டு அறை கொண்ட ஓட்டுக் கட்டடம். மூன்று பக்கம் மரவள்ளிக் காடு, நான்காம் பக்கம் சாலை. அந்தக் காலத்தில் ஆய்வாளரின் சைக்கிள் தலையைக் கண்டதும் எல்லாப் பள்ளிகளிலும் வாய்ப்பாடு வெடிக்கும். நான் இறங்கி, பூட்டி, கைக்குட்டையால் முகம் துடைக்கும்வரை பதினாறாம் வாய்ப்பாடு ஓடும். இந்தப் பள்ளியில் சத்தமே இல்லை. நுழைந்து பார்த்தால் முப்பது குழந்தைகள் ஏழு புத்தகங்களைச் சுற்றிக் குனிந்து உட்கார்ந்திருந்தன. யாரும் நிமிரவில்லை. ஊரில் ஏதாவது விஷக் காய்ச்சலோ என்று நினைத்தேன்.

ஒரு புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். முழுக்க வண்ணப் படங்கள்; ஓர் எழுத்துகூட இல்லை. அடுத்ததை வாங்கினேன். அதிலும் இல்லை. ஏழிலும் இல்லை. எனக்குப் பரிதாபமாகிவிட்டது. ஏமாந்த பெண்மணியிடம் பேசும் குரலில், அச்சகத்துக்கே திருப்பி அனுப்பியிருக்கலாமே டீச்சர் என்றேன்.

"உட்டுப்போகலீங்க சார். இவங்க எழுதட்டும்னு உட்டு வச்சிருக்காங்க" என்று முப்பது பேரையும் காட்டினார்.

சேலத்தில் அவருடைய பங்குச் சாமியாருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி நிறையக் குழந்தைப் புத்தகங்கள் வந்தனவாம். எழுத்துள்ளவற்றை ஆங்கிலப் பள்ளிகள் எடுத்துக்கொண்டன. இவை யாருக்கும் வேண்டாமல் பெட்டியின் அடியில் கிடந்தன. டீச்சர் அவற்றைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

அவருடைய முறை விசித்திரமானது. முதல் நாள் படங்களைப் பார்ப்பது மட்டும். வாய் திறக்கக் கூடாது. இரண்டாம் நாள், படத்தில் என்ன சத்தம் கேட்கிறது என்று சொல்ல வேண்டும். மூன்றாம் நாள், படத்தின் ஓரத்துக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். நான்காம் நாள், முதல் பக்கத்துக்கு முந்தின நாள் என்ன நடந்தது என்பது. அதன் பிறகுதான் சிலேட்டு. சிலேட்டில் அழித்து அழித்துத் தேறியபின்தான் நோட்டு. படத்தைக் காட்டி "இது என்னங்க டீச்சர்?" என்று கேட்கக் கூடாது. கேட்டால், எனக்கும் தெரியாது சாமி, பார்த்துச் சொல்லு என்பார். ஒரு குழந்தை ஒன்றைப் படத்தில் கண்டுவிட்டால், அது அங்கே இருக்கிறது. டீச்சர் இல்லை என்று சொல்ல மாட்டார். இது அவர் குழந்தைகளுக்குக் கொடுத்திருந்த வாக்கு. இந்த வாக்கை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். துறை அதை நினைவில் வைத்துக்கொண்டது.

அந்த முதல் ஆய்விலேயே ஒரு நோட்டைத் திறந்து, என் கடமையை உணர்ந்து, சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். முதல் வரியிலேயே மூன்று பிழைகள். டீச்சர் பேனாவைத் தடுக்கவில்லை. நோட்டைத்தான் மெல்லத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். "எழுத்துப் பிழை எங்கயும் ஓடிப் போகாதுங்க சார். நாளைக்கு வந்தாலும் அங்கயேதான் இருக்கும். கதைதான் ஓடிப் போயிரும்" என்றார். நான் பேனாவை மூடாமலே சட்டைப் பையில் செருகிக்கொண்டேன். அன்று மாலை சட்டையைப் பார்த்த என் மனைவி, யார் குத்தியது என்று கேட்டாள்.

அந்தக் குழந்தைகளுக்கு ஒரு வியாதி இருந்தது. நாம்தான் அதைக் கொடுத்திருந்தோம். எந்தக் கதை எழுதினாலும் கடைசியில் "நீதி" என்று போட்டு ஒரு வரி எழுதிவிடுவார்கள். ஒரு பூனை ஜன்னலில் உட்கார்ந்து நிலாவைப் பார்க்கிறது, அவ்வளவுதான் படம். "நீதி: பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே." ஒரு கிழவர் குடையோடு காற்றில் பறந்து போகிறார். "நீதி: பெரியோர் சொல் கேள்." எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி; ஆய்வறிக்கையில் பாராட்டி எழுதலாம் என்று குறித்துக்கொண்டேன். டீச்சர் நீதியைத் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. ஒரு கத்தரிக்கோலைக் கொடுத்து, நீதி வரியை மட்டும் நறுக்கி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போடச் சொன்னார். டப்பாவின் மூடியில் "நீதி" என்று எழுதிச் சீட்டு ஒட்டியிருந்தது. பத்திரமாக இருக்கட்டும் சாமி, கதை முடிந்த பிறகு யாருக்காவது தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்பார்.

இதுவரை யாராவது எடுத்தார்களா என்று கேட்டேன்.

"இன்னும் யாருக்கும் தேவைப்படலீங்க சார்."

மூன்றாம் வகுப்பில் முருகேசன் என்று ஒருவன். எந்தப் படத்தைக் கொடுத்தாலும் மூன்றாவது வரியில் "எல்லோரும் செத்துப்போனார்கள்" என்று முடித்துவிடுவான். பூனைக் கதையில் நிலாவும் செத்துப்போயிற்று. வேறு ஆசிரியராக இருந்தால் பெற்றோரை அழைத்திருப்பார். டீச்சர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நிஜமான கவலையோடு, "எல்லாருமே செத்துட்டா பந்தல் யாரு போடறது சாமி?" என்று கேட்டார். முருகேசன் அதை யோசித்திருக்கவில்லை. அன்று மதியம் முழுவதும் சோற்றைப் பிசைந்தபடி யோசித்தானாம். மறுநாள் எழுதிய கதையில் ஒரே ஒருவன் மட்டும் பிழைத்திருந்தான். அவன் பந்தல் போட்டான், மேளம் அடித்தான், அத்தனை பேருக்கும் தனி ஆளாகக் குழி வெட்டினான், சமையல்காரனும் செத்துப்போனதால் சாம்பார் வைத்தான், உப்புப் போட மறந்தான், குறை சொல்ல ஆளில்லாததால் அழுதான். நான்கு பக்கம். அதற்குப் பிறகு முருகேசன் எழுதிய எல்லாக் கதைகளிலும் பந்தல் போட ஒருவன் கட்டாயம் உயிரோடு இருந்தான். இப்போது என் நிலைமை அதுதான் என்று தோன்றுகிறது.

இனி அந்த ஆட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன்.

ஏழில் அது நான்காவது. பக்கத்துக்குப் பக்கம் ஒரே வெள்ளை நிலம். ஓரத்தில் ஒரு வீடு, உயரமான புகைபோக்கி. சுருள்சுருளாக உடம்பெல்லாம் வெள்ளைக் கம்பளி போர்த்திய, கொம்பு வைத்த ஓர் ஆடு அந்த வெள்ளையின்மேல் கால்தடம் பதித்து நடக்கிறது. நீளத் தொப்பி வைத்த தடித்த மனிதர் ஒருவர் அதைத் துரத்துகிறார். விழுகிறார், எழுகிறார், துரத்துகிறார். கடைசிப் பக்கத்தில் வீட்டுக்குள் அடுப்பு எரிகிறது. அந்த மனிதரின் நாற்காலியில், அவருடைய தொப்பியை வைத்துக்கொண்டு, ஆடு உட்கார்ந்திருக்கிறது. மனிதரைக் காணோம்.

உங்களில் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளியும் கிடையாது, கொம்பும் கிடையாது. வழித்து விட்டதுபோல் செம்பழுப்பாக இருக்கும். அந்தக் குழந்தைகள் பார்த்த ஆடு அதுதான். அவர்கள் பார்த்த பெரிய வெள்ளை நிலமும் ஒன்றுதான்: மரவள்ளிக் கிழங்கை அரைத்து எடுத்த மாவை ஏக்கர் கணக்கில் காயப்போடும் சேகோ ஆலையின் சிமெண்டுக் களம். ஆலையென்றால் புகைபோக்கி இருக்கும். புகைபோக்கி இருந்தால் முதலாளி இருப்பார். நான்காம் வகுப்புப் பாவாயி அந்தப் படத்தைப் பார்த்ததும் ஒரு கணம்கூடத் தயங்கியிருக்க மாட்டாள். அவளுடைய அப்பா அப்படிப்பட்ட ஒரு களத்தில்தான் மாவு தள்ளிக்கொண்டிருந்தார்.

பள்ளி ஆண்டு விழாவில் பாவாயியின் கதையை வாசிக்க ஏற்பாடு. தலைமை, அழைப்பிதழில் உள்ள அதே ஆலை அதிபர்; பாவாயியின் அப்பா வேலை செய்த களம் அவருடையதுதான். ஒலிபெருக்கியும் அவர் கொடுத்ததுதான். இப்போது படத்தைத் திறக்கப்போகிற மாவட்ட அதிகாரி சிறப்பு விருந்தினர். நான் மூன்றாவது நாற்காலி. எங்கள் மூவருக்கும் மாலை போட்டிருந்ததால் அசைய முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. பாவாயி மைக்கை எட்டுவதற்காக ஒரு ஸ்டூலின்மேல் நின்று வாசித்தாள். எனக்கு இன்றும் அது மனப்பாடம்.

"சேகோ களத்தில் மாவு காயப்போட்டிருந்தார்கள். ஓர் ஆடு வந்தது. அதற்குக் குளிர் ஜுரம். அதனால் கம்பளி போர்த்தியிருந்தது. அது மாவின்மேல் நடந்தது. நடந்துகொண்டே புழுக்கை போட்டது. முதலாளி தொப்பி போட்டுக்கொண்டு ஓடி வந்தார். ஆட்டைப் பிடிக்க முடியவில்லை. புழுக்கையைப் பொறுக்க நேரம் இல்லை. லாரி வந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் சேர்த்து உருட்டி வறுத்து ஜவ்வரிசி ஆக்கிவிட்டார். சாயங்காலம் முதலாளி வீட்டில் பாயசம். முதலாளி மூன்று டம்ளர் குடித்தார். குடித்ததும் ஆடு ஆகிவிட்டார். தொப்பி மட்டும் அப்படியே இருந்தது."

வாசித்துவிட்டு, கடைசிப் பக்கத்தைத் திறந்து எல்லோருக்கும் காட்டினாள். தொப்பி வைத்த ஆடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. அந்த மனிதர் ஏன் கடைசிப் பக்கத்தில் இல்லை என்ற கேள்விக்கு எம்.ஏ. படித்த எனக்கு விடை கிடைத்திருக்கவில்லை. ஒன்பது வயதில் அவளுக்குக் கிடைத்திருந்தது.

கூட்டம் சிரித்தது. கதைக்குச் சிரிப்பது இயல்பு. ஆனால் களத்தில் வேலை செய்கிறவர்கள் பின்னால் கும்பலாக நின்றார்கள். அவர்கள் கதைக்குத் தேவையானதற்கு மேல் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தார்கள். குற்றம் நடந்தது அந்த அதிகப்படியான சிரிப்பில்தான் என்பது என் தீர்மானமான முடிவு. ஆலை அதிபரும் முதலில் சிரித்தார். பின்னால் நின்றவர்களின் சிரிப்பு நிற்காததைக் கவனித்து அவர் நிறுத்தினார். மைக்கை இழுத்துக்கொண்டு, "ஏனுங் டீச்சர், புள்ள எந்த ஆலையைச் சொல்லுது?" என்று கேட்டார்.

டீச்சர் வாய் திறக்கும் முன் பாவாயியே பதில் சொன்னாள்.

"படத்துல போர்டு இல்லீங்க."

மறுபடியும் சிரிப்பு. பாவாயியின் அப்பா ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

பத்து நாளில் டீச்சருக்குக் குறிப்பாணை வந்தது. குற்றச்சாட்டுகள் மூன்று: எழுத்து விடுபட்ட அயல்நாட்டு நூல்களை அனுமதியின்றிப் பயன்படுத்தியது, மாணவர்களுக்குப் பொய் எழுதப் பயிற்றுவித்தது, ஒரு தொழிலுக்குக் களங்கம் விளைவித்தது. கடைசியில் இப்படி ஒரு வாக்கியம்: "மேற்படி நூலில் வெண்மையாகக் காணப்படும் பொருள் யாது என்பதை ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் தெளிவுபடுத்தவும்." மாவு என்று எழுதினால் மூன்றாம் குற்றச்சாட்டு உறுதியாகும். பனி என்று எழுதினால் பாவாயி எழுதியது பொய் என்றாகும். நம் துறையில் இவ்வளவு நுட்பமாக யோசிக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்பதை அன்றுவரை நான் அறியவில்லை.

விசாரணை அதிகாரி நான். நூல் என் அலுவலகத்துக்கு வந்தது. இருப்புப் பதிவேட்டில் ஏற்றும்போது எங்கள் எழுத்தர், ஆசிரியர் பெயர் இல்லை, பொருளடக்கம் இல்லை, உள்ளடக்கம் இல்லை என்று மூன்று கட்டங்களிலும் எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு ஆவணத்தைப் படித்துப் பார்த்ததாகச் சான்று தரவேண்டியிருந்ததால் அரைமணி நேரம் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் சிரித்துவிட்டு, சிரித்ததைப் பதிவு செய்ய வேண்டுமா என்று என்னைக் கேட்டார். வெண்மைப் பொருள் யாது என்று அலுவலகத்தில் எல்லோரையும் விசாரித்தேன். தட்டச்சர் உப்பு என்றார். அவர் பிறந்தது கடற்கரை ஊர். தலைமை எழுத்தர் திருநீறு என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நெசவுக்காரக் குடும்பத்துப் பியூன், பஞ்சு என்று சொல்லிவிட்டு, இத்தனை பஞ்சை வெளியில் போட்டவன் யார் என்று கோபித்துக்கொண்டான். பனி என்று ஒருவரும் சொல்லவில்லை.

டீச்சரின் விளக்கம் ஏழாம் நாள் வந்தது. முத்து முத்தான கையெழுத்து. "படத்தில் எழுத்து எதுவும் இல்லை. ஆகவே அது பனி என்றும் எழுதப்படவில்லை. நான்காம் வகுப்புப் பாவாயி அதில் மாவைப் பார்த்திருக்கிறாள். குழந்தைகளுக்கு எழுதக் கற்றுத் தருவது என் பணி. அவர்கள் பார்த்ததை மாற்றுவது என் பணியில் சேராது என்று பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்."

அன்று மாலை பள்ளிக்குப் போய் அவரிடம் மன்றாடினேன் என்றே சொல்ல வேண்டும். வேலை போய்விடும், பனி என்று ஒரே ஒரு வார்த்தை எழுதிக் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். டீச்சர் சிலேட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தைதானுங்க சார். ஆனா அது பாவாயியோட வார்த்தை. அதை நான் எப்புடிங்க மாத்திக் குடுக்கறது?"

அவர் மாற்றவில்லை. நான் மாற்றினேன். என் அறிக்கையில் இவ்வாறு எழுதினேன்: "படத்தில் காணப்படுவது உறைபனியே ஆகும். குளிர்நாடுகளில் இது இயல்பு. மாணவி தன் அறியாமையால் இதனை மாவு எனக் கொண்டாள். ஆசிரியர்மீது குற்றமில்லை." ஏற்காட்டுக்குப் பலமுறை போய் வந்திருக்கிறேன் என்பதைத் தவிர, உறைபனியைப் பற்றிப் பேச எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. ஆனால் அறிக்கையை முடித்தபோது, ஒரு சொல்லால் ஒரு வேலையைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வேலை தப்பியது. ஆனால் மாவட்ட அதிகாரி என் அறிக்கையில் "அறியாமை" என்ற சொல்லைக் கண்டெடுத்து அடிக்கோடிட்டார். அறியாமை நிறுவப்பட்டுவிட்டது, ஆகவே அது களையப்பட வேண்டும். பாவாயி தன் கதையைத் திருத்தி, நீதியோடு எழுதித் தர வேண்டும் என்று ஆணையிட்டார். குழந்தைகளின் கதை நோட்டுகள் அத்தனையும் அலுவலகத்துக்குப் போயின. அதன்பின் யாரும் அவற்றைப் பார்க்கவில்லை. ஏழு புத்தகங்களும் போயின. அவற்றின் குறையைப் போக்க ஒரு தமிழ்ப் புலவர் அமர்த்தப்பட்டார். அவர் ஒவ்வொரு படத்தின் கீழும் இந்தியன் மையால் நான்கு வரிச் செய்யுள் எழுதினார். தொப்பி வைத்த ஆட்டின் கீழே ஆணவம் கூடாது என்பது கருத்து. விழாவில் காட்சிக்கு வைக்கப்போவது இந்தச் செய்யுள் பெற்ற பிரதிகளைத்தான். டீச்சரை நிர்வாக நலன் கருதி ஆத்தூர்ப் பக்கம் மாற்றினார்கள். ஆலை அதிபர் பெருந்தன்மையாக நடந்துகொண்டார் என்று கோப்பு சொல்கிறது: பாவாயியின் அப்பா வேலையில் தொடரலாம், பாவாயி பள்ளியில் தொடரலாம், அவள் கதை எழுதாத வரையில்.

பாவாயியின் திருத்திய கதையை நான் பார்த்தேன். அதன் கீழே மாவட்ட அதிகாரி பச்சை மையில் "நன்று" என்று எழுதி, அவளிடமே திருப்பிக் கொடுக்கச் சொல்லியிருந்தார். கதை முழுவதையும் இங்கே தருகிறேன்: "பனி பெய்தது. ஆடு நடந்தது. நீதி: பொய் சொல்லக் கூடாது."

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து டீச்சரைச் சேலம் பஸ் நிலையத்தில் பார்த்தேன். குடையும் துணிப்பையுமாக ஆத்தூர் வண்டிக்கு நின்றிருந்தார். நான் போய் வணங்கி, எந்தச் சூழ்நிலையில் அந்த அறிக்கையை அப்படி எழுத நேர்ந்தது என்பதை முன்னுரை, பொருளுரை, முடிவுரையோடு விளக்கினேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"சார், நீங்க பனியப் பாத்திருக்கீங்களா?"

இல்லை என்றேன்.

"பாவாயி மாவப் பாத்திருக்காளுங்க சார்."

  என் மனைவியின் முட்டிவலி தேவலையா என்று விசாரித்துவிட்டு வண்டி ஏறினார். ஆத்தூர்ப் பக்கத்தில் அவரிடம் புத்தகம் எதுவும் இல்லை. ஐந்தாம் வகுப்பை எழுத்தில்லாமல் படம் வரையச் சொல்லி, அதை மூன்றாம் வகுப்பிடம் கொடுத்துக் கதை எழுத வைத்தார். ஆய்வாளர் வந்தால் ஓவிய வகுப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓய்வுபெறும்வரை இப்படியே நடந்தது. துறை அதைக் கண்டுபிடிக்கவில்லை.

அஸ்தம்பட்டி வீட்டில் அவர் உடல் கிடத்தியிருந்த அன்று, வாசலில் ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபது தாண்டிய வயது. தறிப்பட்டறையிலிருந்து நேராகப் பஸ் ஏறி வந்திருக்க வேண்டும். தலைமுடியில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. கையில் ஒரு பிஸ்கட் டப்பா. பக்கத்தில் வந்து, "நீங்கதானுங்களே பனி சார்?" என்று கேட்டாள். டீச்சரின் பழைய பள்ளி இருந்த ஊரில் இத்தனை வருடமாக எனக்கு இதுதான் பெயர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவள் பாவாயி. எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டுகிறாள். டீச்சர் மாற்றலாகிப் போன நாளில் அந்த டப்பாவை அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நோட்டுகளையும் புத்தகங்களையும் எடுத்துப்போனவர்கள் அதைத் தின்பண்டம் என்று நினைத்து விட்டுவிட்டார்களாம். டீச்சரின் சவப்பெட்டிக்குள் வைத்து அனுப்பலாம் என்று எடுத்து வந்தாள். வீட்டுப் பெரியவர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். இப்போது கதை எழுதுகிறாயா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எழுதறது இல்லீங்க. எம்புள்ளைக்குச் சொல்றதுதானுங்க. அவளுக்கு அந்த ஆட்டை நல்லாத் தெரியும்."

டப்பாவை என் கையில் கொடுத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது, வாரேனுங்க என்று இரண்டடி போனவள் திரும்பி வந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. எனக்கு ஒரு தகவல் விட்டுப்போயிருக்கக் கூடாது என்ற அக்கறைதான் இருந்தது.

"சார், அது மாவுதானுங்க."

படத்திறப்புக்கு நான் போகப்போவதில்லை. டீச்சரின் புகைப்படம் என்னிடம் இல்லை, கடிதம் ஏதும் இல்லை. இந்த டப்பா இருக்கிறது. உள்ளே நூற்றுக்கணக்கில் நறுக்கிய தாள் துண்டுகள், விதவிதமான பிஞ்சுக் கையெழுத்துகள். பிறர் பொருளுக்கு ஆசைப்படாதே, பெரியோர் சொல் கேள், பொறாமை கொள்ளாதே. அன்று மேடையில் வீற்றிருக்கப்போகும் பதினொரு பேரில் யாருக்கேனும் ஏதேனும் தேவைப்பட்டால் நாமக்கல்லுக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம், நிறைய இருக்கிறது. பாவாயி கடைசியாகப் போட்ட துண்டு மேலேயே கிடந்தது. பச்சை மையில் பாதி "நன்று" அதோடு சேர்ந்து நறுக்குப்பட்டிருந்தது. "நீதி: பொய் சொல்லக் கூடாது." டீச்சர் அந்த டப்பாவை வைத்த நாளிலிருந்து அதிலிருந்து நீதி தேவைப்பட்டு எடுத்துக்கொண்ட முதல் ஆள் நான்தான். அந்த ஒரு துண்டை எனக்கென்று வைத்துக்கொண்டேன். அதன்படி, உரியவர்கள் அனைவரின் கவனத்துக்கும், ஒரு திருத்தம்:

விசாரணை அதிகாரி என்ற முறையில் நான் அளித்த அறிக்கையில் "உறைபனி" என்று வரும் இடங்களில் எல்லாம் "மாவு" என்றும், "மாணவியின் அறியாமை" என்று வரும் இடத்தில் "விசாரணை அதிகாரியின் அறியாமை" என்றும் திருத்திப் படிக்கவும்.